38 வயதில் பி.ஏ.: எதைப் படிப்பது, எங்கே சேர்வது?

டெல்லி மயூர் விஹாரிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டு, சாரத்தை மட்டும் தருகிறேன்.

வயது 38. தென் தமிழ்நாட்டில் ஒரு சிற்றூரில் பிறந்தவர். 2005-ல் தமிழ் வழியில் பிளஸ் டூ. பொருளியல், வணிகவியல், கணக்குப்பதிவியல், வரலாறு படித்து 1200-க்கு 794 வாங்கியவர். இருபது வயதில் கல்யாணம், உடனே டெல்லி. கணவர் மத்திய அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். மகள் பத்தாவது, மகன் ஐந்தாவது. பக்கவாதம் வந்து வலது கையும் காலும் சரியாக வராத மாமியாரும் உடன் இருக்கிறார். ஆறு வருடமாக வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு மழலையர் பள்ளியில் உதவியாளர் வேலை, காலை எட்டரை முதல் ஒரு மணி வரை. “கூட இருக்கிற டீச்சர் செய்யும் வேலையைத்தான் நானும் செய்கிறேன். சம்பளத்தில் மூன்று மடங்கு வித்தியாசம். கேட்டால், உங்களுக்கு டிகிரி இல்லையே என்கிறார்கள்” என்று எழுதியிருக்கிறார்.

பள்ளிக்கு வரும் குழந்தைகளில் பேச்சு தாமதமாக வருபவர்கள், யாரோடும் ஒட்டாதவர்கள் மீது இவருக்கு தனி அக்கறை. அதனால் உளவியல் படித்துக் கவுன்சிலர் ஆக ஆசை. கணவர் பி.காம். என்கிறார். தங்கை, “பி.ஏ. முடித்துவிட்டு தபாலில் பி.எட். பண்ணிடு” என்கிறார். இதற்கிடையே லக்ஷ்மி நகரில் ஒரு ஏஜென்சி, தொலைநிலையில் பி.ஏ. உளவியல், ஒரே வருடத்தில் டிகிரி, 85,000 ரூபாய் என்று சொல்ல, 10,000 ரூபாய் முன்பணமும் பிளஸ் டூ அசல் மதிப்பெண் சான்றிதழும் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். “மகள் பன்னிரண்டாவது முடிக்கும் வரை தள்ளிப்போடலாமா? இந்த வயதில் எனக்காகப் படிப்பது சுயநலமா?” என்பவை கடைசிக் கேள்விகள்.

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தில் எந்தப் படிப்பு என்ற கேள்விதான் பெரிதாக இருக்கிறது. ஆனால் நான் வேறு இடத்தில் தொடங்க வேண்டியிருக்கிறது.

முதலில் அந்த அசல் சான்றிதழ்

நாளைக்கே போய் அதைத் திரும்ப வாங்குங்கள். கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். மூன்று ஆண்டுப் பட்டத்தை ஒரே வருடத்தில் தர நம் நாட்டில் எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் அனுமதி இல்லை. “ஒரே வருடம்” என்று ஒருவர் சொன்னால், பழைய தேதி போட்ட மதிப்பெண் பட்டியல் தரப்போகிறார், அல்லது இல்லாத பல்கலைக்கழகத்தின் பெயரில் தரப்போகிறார் என்றுதான் பொருள். பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யு.ஜி.சி., போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலை வெளியிடுகிறது. அதில் டெல்லி முகவரிகள் நிறைய. அப்படி ஒரு சான்றிதழைக் காட்டி வேலையில் சேர்ந்தால், பணம் போவதோடு நிற்காது. உங்கள் பெயரில் குற்ற வழக்கு வரும்.

உண்மையான பல்கலைக்கழகமே ஆனாலும் மாணவரின் அசல் சான்றிதழை வைத்துக்கொள்ளக் கூடாது என்பது 2018-லிருந்தே யு.ஜி.சி. விதி. இடைத்தரகருக்கு அந்த உரிமை துளியும் கிடையாது. தர மறுத்தால் வாட்ஸ்அப்பில் எழுத்தாகக் கேளுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் உங்கள் பகுதி காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். முன்பணத்துக்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யலாம். பணம் கட்டிய ரசீதோ யு.பி.ஐ. பதிவோ கையில் இருக்கட்டும். ஒருவேளை சான்றிதழ் தொலைந்தே போயிருந்தால், படித்த பள்ளி வழியாகத் தமிழ்நாடு அரசுத் தேர்வுகள் இயக்ககத்தில் நகல் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். நாள் பிடிக்கும், அவ்வளவுதான்.

உளவியல் ஆசை

இந்த ஆசை வெறும் கனவு என்று நினைக்கவில்லை. மூன்று வயதுப் பையன் ஒருவன் இரண்டு மாதமாக உங்கள் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டே நின்றான், பிறகு ஒருநாள் தானாக விட்டுவிட்டு மற்ற குழந்தைகளிடம் போனான் என்று எழுதியிருந்தீர்கள். அதைக் கவனிக்கத் தெரிந்தவருக்கு இந்தத் துறையில் இடம் உண்டு. ஆனால் ஏஜென்சி காட்டிய கதவு மூடிவிட்டது. 2025 ஜூலை–ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து உளவியல், ஊட்டச்சத்து போன்ற நலத்துறைப் படிப்புகளைத் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ நடத்தக் கூடாது என்று யு.ஜி.சி. சொல்லிவிட்டது. இனி உளவியல் என்றால் நேரில் கல்லூரிக்குப் போக வேண்டும். டெல்லி பல்கலைக்கழகத்தில் அதற்கு சி.யு.இ.டி. நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், வாரம் முழுக்க வகுப்பு இருக்கும், வருகைப் பதிவும் பார்ப்பார்கள். உங்கள் வீட்டு நிலையில் அது இப்போது முடியாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பி.ஏ. உளவியல் முடித்தால் கவுன்சிலர் ஆகிவிடலாம் என்று பலர் நம்புகிறார்கள். அது முதல் படி மட்டுமே. அதற்கு மேல் எம்.ஏ. வேண்டும், நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவ உளவியலாளர் ஆக வேண்டுமென்றால் அதற்கும் மேலே இந்திய மறுவாழ்வுக் குழு அங்கீகரித்த பயிற்சியும் பதிவும் வேண்டும். உங்களுக்குப் பிடித்தது, பின்தங்கும் குழந்தையோடு உட்கார்ந்து வேலை செய்வது. அதற்கு நேரான வழி சிறப்புக் கல்வி. பிளஸ் டூ முடித்தவர்கள் சேரக்கூடிய இரண்டு ஆண்டு டிப்ளமோ, அதே மறுவாழ்வுக் குழுவின் அங்கீகாரத்தோடு இருக்கிறது. சிறப்பாசிரியர்களை நியமிக்க வேண்டும் என்று 2021-ல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பு சொன்ன பிறகு பள்ளிகளில் இவர்களுக்குத் தேவை கூடியிருக்கிறது. ஆனால் இதையும் நேரில் போய்த்தான் படிக்க வேண்டும். இன்றைக்கு முடியாவிட்டாலும், மகன் வளர்ந்த பிறகு எடுத்துப் பார்க்க வேண்டிய பக்கம் இது.

வீட்டார் சொல்வதில் எது சரி

கணவர் பி.காம். சொல்வது உங்கள் நல்லதுக்குத்தான். ஆனால் அரசு வேலை கிடைக்கும் என்ற எண்ணம் அதில் இருந்தால், அதை மென்மையாக எடுத்துச் சொல்லுங்கள். மத்திய அரசு வேலைகளுக்குப் பணியாளர் தேர்வாணையம் (எஸ்.எஸ்.சி.) பட்டதாரிகளுக்கு நடத்தும் தேர்வில் பதவியைப் பொறுத்து வயது வரம்பு 27, 30, 32 என்று இருக்கிறது. சில பிரிவினருக்குச் சில வருடம் தளர்வு உண்டு. அதைச் சேர்த்தாலும் நீங்கள் பட்டம் வாங்கும்போது அந்த வயதைத் தாண்டியிருப்பீர்கள். தனியார் அலுவலகக் கணக்கு வேலை என்றால் பி.காம். நல்ல படிப்பு. “பேரேட்டைப் பார்த்தாலே தலைவலி” என்று நீங்களே எழுதியிருக்கும்போது, அதை மூன்று வருடம் படிக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தங்கை சொன்னதில் இரண்டு சறுக்கல் இருக்கிறது. இரண்டுமே பொதுவாக எல்லோரும் சறுக்குகிற இடம்தான். தபால் வழி பி.எட். எல்லோருக்கும் கிடையாது. ஏற்கெனவே ஆசிரியர் பயிற்சி முடித்தவர்களுக்கு மட்டுமே அது. மழலையர் பள்ளி உதவியாளர் அனுபவத்தை அதற்குக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். நீங்கள் பி.எட். படித்தால் இரண்டு ஆண்டு நேரில்தான் படிக்க வேண்டும். அடுத்தது, பி.எட். முடித்தால் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கலாம் என்பது. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், ஒன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புகளுக்கு பி.எட். தகுதி ஆகாது, தொடக்கக் கல்வி டிப்ளமோதான் வேண்டும் என்று தீர்ப்பு சொல்லிவிட்டது. பி.எட். படித்தவர்களுக்கு ஆறாம் வகுப்புக்கு மேல்தான் இடம். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளோடு வேலை செய்யப் பிடிக்குமா என்று உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.

மேலும் உங்கள் பள்ளியில் “டிகிரி இல்லை” என்று சொன்னார்கள் அல்லவா? தலைமையாசிரியரிடம் நேராகக் கேளுங்கள்: “எந்தச் சான்றிதழ் கொண்டுவந்தால் என்னை டீச்சராகப் போடுவீர்கள், எவ்வளவு சம்பளம் தருவீர்கள்?” மழலையர் பள்ளிகள் பலவற்றில் பட்டத்தைவிட முன்பருவக் கல்வி டிப்ளமோவைத்தான் பார்க்கிறார்கள். அந்த டிப்ளமோ இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில், அதாவது இக்னோவில் இருக்கிறது. பிளஸ் டூ போதும், குறைந்தபட்சம் ஓராண்டு. அது போதும் என்று அவர்கள் சொன்னால், பட்டத்துக்கு முன் அதை முடித்துவிடுங்கள். பணம் அவசரம் என்று கடிதத்தில் நீங்கள் சொல்லாமல் சொல்லியிருப்பது எனக்குப் புரிகிறது. அவர்கள் மழுப்பினால், பிரச்சினை உங்கள் படிப்பில் இல்லை, அந்தப் பள்ளியில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு அதன்படி முடிவெடுக்கலாம்.

பட்டம்தான் என்று முடிவானால், என் யோசனை பி.ஏ.; அதில் வரலாறும் அரசியல் அறிவியலும். பிளஸ் டூவில் உங்களுக்குப் பிடித்த பாடம் வரலாறு என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் நடைமுறை சார்ந்தது. பின்னால் பி.எட். படித்து சமூக அறிவியல் ஆசிரியர் ஆக வேண்டுமென்றால், கேந்திரிய வித்யாலயா போன்ற இடங்களில் வரலாறு, புவியியல், பொருளியல், அரசியல் அறிவியல் ஆகியவற்றில் இரண்டைப் பட்டத்தில் படித்திருக்க வேண்டும், அதில் ஒன்று வரலாறாகவோ புவியியலாகவோ இருக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். இது தெரியாமல் பாடத்தை எடுத்துவிட்டு, பட்டம் கையில் வந்த பிறகு “உங்கள் பாடம் பொருந்தவில்லை” என்ற பதிலை வாங்கியவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். சேரும் நாளிலேயே இதைச் சரியாக அமைத்துக்கொள்ளுங்கள்.

டெல்லியில் இருக்கிற வழிகள்

நீங்கள் கடிதத்தில் குறிப்பிடாத ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். டெல்லி பல்கலைக்கழகத்தில் 1944-லிருந்து பெண்களுக்கென்றே கல்லூரி சாரா மகளிர் கல்வி வாரியம் ஒன்று இருக்கிறது, என்.சி.வெப் என்பார்கள். டெல்லி எல்லைக்குள் குடியிருக்கும் பெண்கள் மட்டும் சேரலாம். நொய்டாவில் இருந்திருந்தால் முடியாது. மயூர் விஹார் என்பதால் உங்களால் முடியும். பி.ஏ., பி.காம். இரண்டும் உண்டு. நகரில் பல கல்லூரிகளில் மையம் வைத்து வார இறுதியில் வகுப்பு எடுக்கிறார்கள். நுழைவுத் தேர்வு கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண்தான். கட்-ஆஃப் மையத்துக்கு மையம் மாறும், அதனால் 66 சதவீதத்தை வைத்துக்கொண்டு தயங்க வேண்டாம். தமிழ் வழியில் படித்ததும் இருபது வருட இடைவெளியும் தடை ஆகாது. ஆனால் தேர்வை ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் எழுத வேண்டும்.

உங்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். உங்கள் கணவருக்கு வாரத்தில் ஐந்து நாள் வேலை; மாமியாரைப் பார்த்துக்கொள்ள அவர் வீட்டில் இருக்கும் நாளில்தான் உங்களுக்கு வகுப்பு. பல வருடமாக அடுக்களைக்கும் பள்ளிக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு, வாரத்தில் ஒருநாள் மற்ற பெண்களோடு பெஞ்சில் உட்கார்ந்து படிப்பது எவ்வளவு பெரிய தெம்பு என்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். குறை என்னவென்றால், வேகம் உங்கள் கையில் இல்லை. செமஸ்டர் தேர்வு வரும் தேதியில் வந்துவிடும்.

வேகம் உங்கள் கையில் இருக்க வேண்டுமென்றால் இக்னோ. ஜனவரி, ஜூலை என இரண்டு சேர்க்கை. தேர்வு ஜூனிலும் டிசம்பரிலும். மூன்று ஆண்டுப் பட்டத்தை ஆறு ஆண்டு வரை நீட்டிக்கலாம். ஒரு தேர்வில் இரண்டு பேப்பர் மட்டும் எழுதினாலும் யாரும் கேட்க மாட்டார்கள். அசைன்மென்டுக்கு 30 சதவீத மதிப்பு. அதை நேரத்துக்குக் கொடுக்காமல் தேர்வுக்குப் போய் உட்கார்ந்து பயனில்லை. அங்கீகாரம் பெற்ற தொலைநிலைப் பட்டம் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்று யு.ஜி.சி. 2022-ல் அறிவித்திருக்கிறது, அதனால் “தபால் டிகிரிதானே” என்று யாராவது சொன்னால் கவலைப்படாதீர்கள். டெல்லி பல்கலைக்கழகத்தின் திறந்தநிலைக் கல்விப் பள்ளி 1962-லிருந்து இருக்கிறது, அதுவும் நல்ல வழிதான். ஆனால் உங்கள் விஷயத்தில் இந்த இரண்டுக்கு மேல் அதனால் தனி ஆதாயம் இல்லை.

தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிலேயே படிக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். மாநிலப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைப் படிப்பு அந்த மாநில எல்லைக்குள்தான். ஒவ்வொரு தேர்வுக்கும் ஊருக்கு ரயில் ஏற வேண்டும். மாமியாரை விட்டுவிட்டு அது முடியாது. டெல்லியில் வேலை தேடப்போகிறவருக்கு ஆங்கிலத்தில் எழுதிப் பழகுவதும் அவசியம். என்.சி.இ.ஆர்.டி. 11, 12-ஆம் வகுப்பு வரலாற்றுப் புத்தகங்கள் இணையத்தில் இலவசம். இப்போதிருந்தே தினம் இரண்டு பக்கம் படித்து, படித்ததைப் பத்து வரியில் ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். தப்பு இருக்கட்டும். மகளிடம் திருத்தக் கொடுங்கள்.

நேரக் கணக்கு

இக்னோ கணக்கில் ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேரப் படிப்பு. மூன்று ஆண்டுப் பட்டத்துக்கு 120 கிரெடிட், அதாவது 3,600 மணி நேரம். வாரம் 12 மணி நேரம் கிடைத்தால் 300 வாரம், கிட்டத்தட்ட ஆறு வருடம். 15 மணி நேரம் என்றால் நாலரை வருடத்தைத் தாண்டும். மூன்றே வருடத்தில் முடிக்க வாரத்துக்கு 23 மணி நேரம் வேண்டும். நீங்கள் எழுதி அனுப்பிய தினசரி வேலைப் பட்டியலைப் பார்த்தேன். காலை நாலே முக்காலுக்கு எழுந்து, இரவு பத்தரைக்குக் கடைசிப் பாத்திரம் கழுவி வைக்கிறீர்கள். “இரவு பத்தரைக்கு மேல் படிப்பேன்” என்று எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம், அது ஒரு மாதம் கூடத் தாங்காது.

உங்கள் நாளில் நான் கண்ட நல்ல நேரம், பள்ளி முடிந்த பிறகு மகன் வரும் வரை இருக்கிற ஒன்று முதல் இரண்டு மணி. வீட்டுக்கு வந்தால் அந்த நேரம் காணாமல் போகும். பள்ளியிலேயே ஒரு காலி வகுப்பில் உட்கார்ந்துவிட்டு இரண்டு மணிக்குக் கிளம்புங்கள். ஆனால் அந்த ஒரு மணி நேரம் மாமியாருக்குச் சாப்பாடு கொடுக்க யார் இருப்பார்கள் என்ற கேள்வி வரும். அதற்குப் பதில் சொல்லாமல் படிப்பு தொடங்காது. பகலில் ஒரு மணி நேரத்துக்கு ஓர் ஆளை வைக்க ஆகும் செலவைக் கல்விச் செலவில் சேர்த்துக் கணக்கிடுங்கள். அந்த ஏஜென்சிக்குக் கொடுக்க நினைத்த பணத்தில் அது பல மாதம் ஓடும்.

“படி, ஆனால் வீடு பாதிக்கக் கூடாது” என்று கணவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். வாரம் 12 மணி நேரம் வெளியே எடுத்தால் வீட்டில் ஏதாவது ஒன்று பாதிக்கத்தான் செய்யும். எது பாதிக்கலாம் என்பதை இரண்டு பேரும் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். “உதவி பண்ணுங்க” என்று பொதுவாகக் கேட்காதீர்கள். “ஞாயிற்றுக்கிழமை காலை அம்மாவைக் குளிக்க வைத்து உடை மாற்றுவது உங்கள் பொறுப்பு, சனிக்கிழமை இரவு சமையல் உங்கள் பொறுப்பு” என்று கணவரிடம் வேலையின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். ஒரு ஒத்திகையும் பாருங்கள்: ஜனவரியிலிருந்து இரண்டு மாதம், ஞாயிறுதோறும் காலை ஒன்பது முதல் மாலை நாலு வரை வீட்டில் இல்லாமல் இருங்கள். நூலகத்துக்குப் போய்ப் படியுங்கள். வீடு எப்படி ஓடுகிறது என்று இரண்டு பேருக்கும் தெரிந்துவிடும். ஓடினால் ஆண்டு நடுவில் சேர்க்கை அறிவிப்பு வரும்போது என்.சி.வெப். ஓடவில்லை என்றால் ஜூலையில் இக்னோ, பாதி வேகத்தில்.

மகள் பன்னிரண்டாவது முடிக்கட்டும் என்று காத்திருந்தால், அதற்குப் பிறகு அவளுடைய நுழைவுத் தேர்வு வரும், அப்புறம் மகனின் பத்தாவது வரும். அவளுடைய பத்தாவது பொதுத்தேர்வு பிப்ரவரியில் தொடங்குகிறது. நான் சொன்ன இரண்டு வழியிலும் உங்கள் படிப்பு அதற்குப் பிறகுதான் தொடங்கும். ஆகவே இந்த வருடம் அவளோடு இருங்கள், அடுத்த கல்வியாண்டில் சேருங்கள். இடையில் நின்றுவிட்டால் எல்லாம் வீண் என்ற பயமும் வேண்டாம். புதிய கல்விக் கொள்கைப்படி முதல் ஆண்டு முடித்தால் சான்றிதழ், இரண்டாம் ஆண்டு முடித்தால் டிப்ளமோ என்று வழி இருக்கிறது.

சுயநலமா என்று கேட்டீர்கள். பதினெட்டு வருடம் ஒரு வீட்டைத் தாங்கியவர் வாரத்தில் 12 மணி நேரம் கேட்கிறார். இல்லை, சுயநலம் இல்லை. இதைக் கணவர் படிக்கும்படி கொடுங்கள்.

கடைசியாக ஒரு சின்ன வேலை. உங்கள் பிளஸ் டூ சான்றிதழில் அப்பாவின் இனிஷியலோடு பெயர் இருக்கும். ஆதாரில் கணவர் பெயர் சேர்ந்திருக்கும். இக்னோவில் சேர வேண்டுமென்றால் ஏபிசி ஐடியும் (மாணவரின் கிரெடிட் கணக்கு எண்) டெப் ஐடியும் (யு.ஜி.சி. தொலைநிலைக் கல்விப் பிரிவின் பதிவு எண்) எடுக்க வேண்டும், அவை ஆதார் பெயரைத்தான் எடுத்துக்கொள்ளும். பெயர் பொருந்தாமல் விண்ணப்பம் நின்றுபோவது தமிழ்நாட்டிலிருந்து கல்யாணமாகி வந்த பெண்களுக்கு இங்கே அடிக்கடி நடக்கிறது. அசல் சான்றிதழ் கைக்கு வந்ததும் இரண்டையும் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் இப்போதே ஆதார் மையத்தில் கேட்டு, என்ன ஆவணம் வேண்டுமோ அதைத் தயார் செய்யுங்கள். அரசிதழில் பெயர் மாற்றம் வரை போக வேண்டியிருந்தால் சில மாதங்கள் ஆகலாம், சேர்க்கை தொடங்கும் வரை உங்களுக்கு அந்த நேரம் இருக்கிறது.